வளவுக்குள் ஒரு கேமரா: செட்டிநாட்டில் குறும்படம் எடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்குக் கூடமாட ஒத்தாசை செய்வது என் பொழுதுபோக்கு. கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். முன்னோர் வழிபாடான படைப்புக்காக ஊருக்கு வந்த சிங்கப்பூர்க்காரர்கள் வருவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கேமரா வாங்கியவர்களும் உண்டு. பெரும்பாலோர் எடுக்க நினைப்பது தங்கள் வீட்டு நினைவுகளைத்தான். கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

குறும்படம் என்றால் எத்தனை நிமிடம் இருக்கவேண்டும்?

ஆஸ்கர் விதிப்படி, பெயர்ப்பட்டியலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள். மற்றப் போட்டிகள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கும். சினிமா பிறந்ததே குறும்படமாகத்தான். 1895இல் லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தைத் தொடவில்லை. வீட்டுக் கதைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் போதும் என்பது என் கட்சி.

அவ்வளவு சின்னப் படம் மனதில் நிற்குமா?

நிற்கும். படத்தின் நீளத்தை மனம் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை. பார்பரா ஃபிரெட்ரிக்சன், டேனியல் கானமன் என்ற உளவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இனிமையான காட்சிகளும் அருவருப்பான காட்சிகளும் கொண்ட துண்டுப் படங்களைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று. அப்புறம் ‘மொத்தத்தில் எப்படி இருந்தது?’ என்று கேட்டபோது, படம் எவ்வளவு நேரம் ஓடியது என்பது பதிலை அதிகம் மாற்றவில்லை. உணர்ச்சி உச்சத்தில் இருந்த கணமும் முடிவில் இருந்த கணமும்தான் தீர்ப்பை எழுதின.

எடிட்டிங்கில் உட்காரும்போது இதை மறக்காதீர்கள். ஆச்சி அழகாகப் பேசி முடித்திருப்பார். அதற்குப் பிறகு டிரோன் மேலே மேலே போகும், வயலின் அழும், ‘இப்படிக்கு உங்கள் அன்புப் பேரன்’ என்று எழுத்து வரும். பார்த்தவர் மனதில் கடைசியில் தங்குவது அந்த டிரோன்தான்.

எங்கள் பூர்வீக வீட்டைப் படம் எடுக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

முகப்பிலிருந்து மட்டும் வேண்டாம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும் முகப்பும் பட்டாலை என்கிற கூடமும் தூண் வரிசையும் சினிமாக்காரர்கள் எடுத்து எடுத்துத் தேய்ந்துபோய்விட்டன. போதாக்குறைக்குப் பின்னணியில் ஒரு கனத்த குரல் ‘பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி’ என்று ஏலம் போடும். அது கட்டடத்தின் விவரப் பட்டியல். யாருடைய நினைவும் அதில் இல்லை.

வீட்டில் உயிரோடு இருக்கிற ஆளிடமிருந்து ஆரம்பியுங்கள். சாவிக்கொத்து இப்போது யார் இடுப்பில் இருக்கிறது? வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும்) ஓர் அறை என்று பிரித்தார்களே, அதில் யாருடைய அறை திறந்து வருஷக்கணக்காகிறது? கல்யாணத்தில் பரப்பிய சாமான்களை எழுதிய பட்டியல் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது? பிள்ளையார் நோன்பன்று இழை (மாவில் வைத்து ஏற்றிய திரி) எடுக்க இப்போது எத்தனை பேர் வருகிறார்கள்? இவற்றில் ஒன்றைப் பிடித்தாலே படம் கிடைத்துவிடும். வீடு தானாகப் பின்னால் தெரியும், அதை நீங்கள் தனியாகக் காட்ட வேண்டியதில்லை.

வீடு அடுத்த வருஷமும் இருக்கும். ஆச்சிக்கு எண்பத்தெட்டு வயது. முதலில் யாரை எடுப்பது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

அப்பத்தா ஒவ்வொரு தடவையும் கதையை மாற்றிச் சொல்கிறார். எதை உண்மை என்று வைத்துக்கொள்வது?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கப்பலிலும் கால்நடையாகவும் திரும்பி வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அன்றைக்குச் சிறுமியாக இருந்த ஒரு அப்பத்தா, ஒரு தடவை ‘அப்பச்சி தோளிலேயே வந்தேன்’ என்பார். அடுத்த தடவை ‘பாதி வழி மாட்டுவண்டி’ என்பார். பேரனுக்குக் குழப்பம் வந்துவிடும்.

அப்பத்தா பொய் சொல்லவில்லை. நினைவு வேலை செய்கிற விதமே அப்படி. கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள்பட நாள்பட அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது, புரியாத இடங்கள் உதிர்ந்தன, அவர்கள் ஊர் வழக்கத்துக்குப் பொருந்துகிற விஷயங்கள் உள்ளே வந்தன. தோணி சாதாரணப் படகாக மாறியது. நினைவுகூரல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று 1932இல் வெளிவந்த தன் நூலில் அவர் வாதிட்டார். பிறகு 2000இல் கரீம் நாதர் குழுவினர் எலிகளிடம் செய்த சோதனையில், பழைய பய நினைவு ஒன்றைத் தூண்டி எழுப்பினால் அது சிறிது நேரம் இளகிப்போய், மறுபடி இறுக வேண்டியிருக்கிறது என்று கண்டார்கள். இளகிய நேரத்தில் அதைக் கலைக்கவும் முடிந்தது.

ஆகவே அப்பத்தாவைத் திருத்தாதீர்கள். இரண்டு தடவை சொன்னதையும் பதிவு செய்யுங்கள், இரண்டையும் படத்தில் வையுங்கள். தோளும் மாட்டுவண்டியும் அடுத்தடுத்து வரும்போது, அந்தப் பயணம் ஒரு குழந்தை மனதில் எப்படிப் பதிந்தது என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். தேதி, கப்பல் பெயர் போன்றவற்றை உறுதி செய்ய வேண்டுமானால் கடிதங்கள், கணக்கேடுகள், பழைய பாஸ்போர்ட் இருக்கின்றன. அந்த வேலையை அப்பத்தாவின் தலையில் கட்ட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. படம் வெளிவந்து வீட்டில் பலமுறை போட்டுப் பார்த்தபின், அப்பத்தாவே படத்தில் வந்த கதையைத்தான் சொல்ல ஆரம்பிப்பார். நீங்கள் வெட்டி எறிந்த பகுதி வீட்டார் பேச்சிலிருந்தும் மெல்லப் போய்விடும். எடிட் செய்கிறவர் கையில் இருக்கிற அதிகாரம் சின்னதல்ல.

பெரியவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது?

குறைவாக. பதிலை உள்ளே வைத்துக் கேட்காமல்.

1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துத் துண்டுப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பிறகு ஒரு குழுவிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டபோது, அந்தக் குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். இடித்தபோது என்று கேட்கப்பட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

‘மலேயாவிலேருந்து ஐயா திரும்பி வராம ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா, ஆச்சி?’ என்று கேட்டால் ‘ஆமாப்பா’ என்று ஒரு வார்த்தைதான் வரும். பல நேரம் அது உங்களைத் திருப்திப்படுத்தச் சொன்ன ஆமாவாக இருக்கும். ‘ஐயா கப்பலேறின அன்னைக்கு வீட்ல என்ன நடந்துச்சு, ஆச்சி?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சும்மா இருப்பது இளவட்டங்களுக்கு லேசில் வராது. ஆச்சி நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியை நீட்டாதீர்கள். அந்த நிறுத்தத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் படம்.

கையில் ஒரு பொருளைக் கொடுத்துப் பேசச் சொல்வதும் நல்ல வழி: பழைய அடுக்குச் சட்டி, கொட்டான் என்கிற ஓலைக் கூடை, கழுத்திரு என்கிற கல்யாண நகையின் புகைப்படம். பேச்சு தானாக வரும். கேமரா தன்னைப் பார்ப்பதும் மறந்துபோகும்.

ஐயாவுக்கு மறதி நோய். அவரைப் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நிதானமாக. மறதி நோயில் பொதுவாக அண்மைக்கால நினைவுகள் முதலில் போகும், பழையவை கூடுதல் காலம் தாங்கும். இதை ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். காலையில் சாப்பிட்ட இட்லி ஐயாவுக்கு நினைவிருக்காது. பெட்டியடிப் பையனாக (வட்டிக்கடையில் எடுபிடியாக) போய்ச் சேர்ந்த ஊர்க் கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமுமான கட்டடத்தில்) யார் எந்தப் பக்கம் படுத்தார்கள் என்பது நினைவிருக்கும்.

‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேமரா முன்னால் பரீட்சை வைக்காதீர்கள். அந்தக் காட்சியைப் பார்த்து நாலு பேர் கண்கலங்கலாம், ஆனால் அவரை அவமானப்படுத்தித்தான் அந்தக் கண்ணீரை வாங்கியிருப்பீர்கள். சம்மதம் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் கேமராவை மூடிவிடுங்கள். வெளியில் காட்டும்முன், அவரைப் பராமரிக்கிறவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

செட்டிநாடு என்றால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகள் மட்டும்தானா?

இல்லவே இல்லை. அந்த வீடுகளைக் கட்டியவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள், ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவர்கள், விசேஷ வீடுகளில் சமைக்கிறவர்கள் ஆகியோரின் நினைவு படங்களில் மிகக் குறைவு. இவர்களைப் பற்றி எடுக்க எனக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது.

நினைவில் பல வகை உண்டு என்பதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க நோயாளி. வலிப்புக்காக 1953இல் செய்த அறுவையில், மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பாகம் எடுக்கப்பட்டது. அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைகிற பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. முந்தைய நாள் வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை. சொல்லக்கூடிய நினைவு ஒன்று, கையில் இருக்கிற நினைவு வேறொன்று.

ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பு ஊற்றுகிறவரிடம் ‘எவ்வளவு ஊற்றணும் என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பழக்கம்தான்’ என்பார். பேட்டி அதோடு முடிந்தது. அவருக்குத் தெரிந்தது முழுவதும் மணிக்கட்டில் இருக்கிறது. அதற்குக் குரல் வேண்டாம், கேள்வி வேண்டாம். கேமராவை நெருக்கமாக வைத்து, வெட்டாமல், ஒரு கல் முழுமையாக முடிகிறவரை எடுங்கள். எழுத்தில் கொண்டுவர முடியாத ஒன்றைக் குறும்படம் இங்கேதான் பிடிக்கிறது.

சமையலைப் பற்றி எடுக்கலாமா?

நாட்டில் செட்டிநாட்டுக் கோழிக் குழம்பைப் பற்றி இன்னொரு வீடியோ வேண்டும் என்று யாரும் ஏங்கிக் கிடக்கவில்லை. சமைக்கிறவரின் கையைப் பற்றி என்றால் மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

வசனம் இல்லாமல் ஒருவர் மனதில் இருப்பதைக் காட்ட முடியுமா?

முடியும். பார்க்கிறவர் மனம் சும்மா இருக்காது, கிடைத்ததை வைத்துக் கதை கட்டும். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் செய்த குட்டி அசைபடத்தில் இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு கட்டம் மட்டும்தான். இவை அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். பார்த்தவர்களோ ‘பெரியது முரடன்’, ‘வட்டம் பயந்து ஒளிகிறது’ என்று சண்டையும் காதலுமாகக் கதை சொன்னார்கள்.

முக்கோணத்துக்கே மனம் இருப்பதாக நினைக்கிறவர்கள், பூட்டிய அறைக்கு முன்னால் சாவிக்கொத்தோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற ஆச்சிக்கு எதையெல்லாம் நினைக்க மாட்டார்கள்? ‘ஆச்சி தன் கணவரை நினைத்துக்கொண்டார்’ என்று மேலே ஒரு குரலை ஓட்டி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

பட்டாலையில் பேசினால் எதிரொலிக்கிறதே?

பளிங்குத் தரை, உயர்ந்த கூரை, ஆளில்லாத வீடு. எதிரொலிக்காமல் என்ன செய்யும்? ஆச்சியைச் சின்ன அறைக்குள் உட்கார வையுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், கேமராவுக்குப் பின்னால் இரண்டு போர்வையைத் தொங்கவிடுங்கள். சட்டையில் குத்துகிற மைக் ஒன்று வாங்குங்கள். செலவு செய்ய வேண்டிய முதல் பொருள் அதுதான். கேமரா போனிலேயே இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கினால் யாரும் எழுந்து போவதில்லை. பேச்சு புரியாவிட்டால் போய்விடுவார்கள். கிளம்பும்முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டு விழுந்த இடங்களை மூட அது உதவும்.

வெளிச்சம்?

வளவில் உச்சி வெயிலைத் தவிருங்கள். காலையிலும் சாயங்காலமும் வானவெளியிலிருந்து இறங்கும் வெளிச்சம் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்குப் போதும். டியூப்லைட் போட்ட அறையில் படம் மினுக்கினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்து வினாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), ஷட்டர் 1/50 என்று மாற்றிப் பாருங்கள்.

பின்னணிக்குப் பழைய சினிமாப் பாட்டு போடலாமா?

‘பழைய பாட்டுதானே’ என்பது சட்டத்தில் செல்லாது. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியானபின் 60 ஆண்டு. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்தபின்னும் 60 ஆண்டு. முதலாவது முடிந்திருந்தாலும் இரண்டாவது உயிரோடு இருக்கலாம். ஏன் வம்பு? உங்கள் ஆச்சிக்குத் தாலாட்டு தெரியும். கொண்டுவிற்கக் கடல்தாண்டிப் போன மாமன்மார் எல்லாம் அதில் வருவார்கள். அதைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

வீட்டில் எடுக்கப் பங்காளிகள் எல்லோரிடமும் கேட்க வேண்டுமா?

கேளுங்கள். பொது வீடு என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாவது போட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாமி வீட்டுக்குள் கேமரா போகலாமா என்பதைப் பெரியவர்களிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பீரோ, பூட்டு, நகை எதையும் அடையாளம் தெரிகிற மாதிரி காட்டாதீர்கள், ஆளில்லாத வீடு என்பதையும் சேர்த்து விளம்பரம் செய்யாதீர்கள்.

எனக்கு வேறு வேலை இருக்கிறது. ஆர்வம் மட்டும்தான். காரைக்குடியில் இருந்துகொண்டு இதெல்லாம் ஆகிற காரியமா?

இந்த மண்ணில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! ஏ.வி. மெய்யப்ப செட்டியார் 1940களில் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947இல் வந்த நாம் இருவர் அங்கே எடுத்ததுதான். சென்னை ஸ்டுடியோ அதற்கு அப்புறம்.

எனக்கு அவரைவிட நெருக்கமானவர் கோட்டையூர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் 1937இல் கப்பல் பயணத்தில் அவருக்கு வந்தது. காந்தியை ஏற்கெனவே பலர் பல நாடுகளில் துண்டு துண்டாகப் படம் பிடித்திருந்தார்கள். அந்தத் துண்டுகளைத் தேடி நாடு நாடாக அலைந்தார். 1940இல் படம் வெளிவந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சிதறிக் கிடந்த நினைவை ஒருவரின் பிடிவாதம் ஒன்றுசேர்த்தது.

அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போடுகிறதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று.

ஆர்வத்தைப் பற்றி ராபர்ட் வாலரண்ட் குழுவினர் 2003இல் ஒரு பாகுபாடு சொன்னார்கள். ஒருவகை ஆர்வம் வாழ்க்கையின் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போகும். இன்னொரு வகை ஆளைப் பிடித்து ஆட்டும், விட நினைத்தாலும் விடாது. உங்களுடையது எது என்று தெரிய எளிய வழி ஒன்று சொல்கிறேன்: படத்தை வலையேற்றியபின் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறீர்களா? அப்படியானால் ஒரு மாதம் கேமராவை உள்ளே வையுங்கள். ஆச்சியோடு கேமரா இல்லாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

போனில் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருக்கிறேன். அதுவே நினைவுதானே?

லிண்டா ஹென்கெல் 2014இல் அருங்காட்சியகத்தில் ஒரு சோதனை செய்தார். புகைப்படம் எடுத்த பொருள்களைவிட, எடுக்காமல் பார்த்த பொருள்கள் மாணவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எதை எடுக்கிறோம் என்று யோசித்து எடுத்தால் மனமும் கூட வருகிறது போலிருக்கிறது. மூன்று நாள் திருவிழாவை முழுதாக எடுத்து வைத்திருக்கிற போன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போட்டுப் பார்த்தவரை இன்னும் பார்க்கவில்லை.

படம் முடிந்தது. எங்கே பத்திரமாக வைப்பது?

முடித்த படத்தைவிட, வெட்டாத முழுப் பேட்டிதான் முக்கியம். இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் வேறொரு கேள்வியோடு வருவார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக்காரர்களின் கணக்கு. கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், பேசியவர், எடுத்தவர் நான்கும் இருக்கட்டும். ‘ஃபைனல் புதுசு 2’ என்று வைத்தால் யாருக்கும் புரியாது. பேசியதை எழுத்திலும் எழுதி, அச்செடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் செத்தாலும் காகிதம் இருக்கும். பென் டிரைவில் போட்டுப் பங்காளிகள் எல்லோருக்கும் கொடுங்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கும் சேர்த்து. மற்றவர்கள் தொலைத்தாலும், குறை கண்டுபிடிப்பதற்காகவாவது அவர் பத்திரமாக வைத்திருப்பார்.